கடையில் மணி பிளாண்ட் வளர்ப்போர் கவனத்திற்கு

நமது கடைத்தெருவில் பத்துக் கடை ஏறி இறங்கினால், அதில் நான்கைந்து கடைகளிலாவது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாட்டிலும் அதற்குள் ஒரு மணி பிளாண்ட் கொடியும் இருப்பதைக் காணலாம். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் ஜாடி, பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டில் என்று எதிலும் அது வளரும். வெயில் கேட்காது, உரம் கேட்காது. இரண்டு நாள் கடை அடைத்திருந்தாலும் வாடாது. காலை முதல் இரவு வரை சரக்கையும் சிட்டையையும் வாடிக்கையாளரையும் பார்த்துக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட ஏற்ற செடி வேறில்லை.

ஆனால் பராமரிப்புக் குறைவு என்பது வேறு, பராமரிப்பே வேண்டாம் என்பது வேறு. கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மாதக்கணக்கில் திரும்பிப் பார்க்காத பாட்டில், கடைக்காரருக்கு அபராதத்தையும், கடைப்பையனுக்குக் காய்ச்சலையும் கொண்டுவந்து சேர்க்கும். உணவுப் பொருள் விற்கும் கடை என்பதால் மற்றவர்களைவிட நமக்குப் பொறுப்பும் கூடுதல். ஆகவே இந்தச் செடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எங்கிருந்து வந்த செடி?

மணி பிளாண்ட் நமது நாட்டுச் செடி அல்ல. பசிபிக் பெருங்கடலில், பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்த மூரியா என்னும் சிறு தீவுதான் இதன் தாயகம். அங்கிருந்து உலகத்தின் வெப்ப நாடுகள் எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. காட்டில் பெரிய மரத்தைப் பற்றி ஏறும்போது இதன் இலை முறத்தைப் போல அகலமாகிக் கிழிந்த ஓரங்களுடன் நிற்கும். நமது பாட்டிலில் உள்ளங்கை அளவில் இருப்பதும் அதே செடிதான்.

இதில் ஒரு விந்தை உண்டு. இந்தச் செடி பூப்பதே மிக அரிது. பூப்பதற்குத் தேவையான ஜிப்ரலின் என்னும் வளர்ச்சிப் பொருளைப் போதுமான அளவில் உண்டாக்கிக்கொள்ள அதனால் முடிவதில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். பூ இல்லை என்றால் விதையும் இல்லை. ஆகவே நமது கடைகளில் இருப்பவை எல்லாம் கொடியை வெட்டி வைத்துப் பெருக்கியவை. பக்கத்துக் கடைச் செடியும் நமது செடியும் ஒரே செடியின் துண்டுகளாகவே இருக்கும்.

திருடி வைத்தால்தான் மணி பிளாண்ட் நன்றாக வளரும், பணம் பெருகும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. கணுவோடு வெட்டிய துண்டு எப்படி வந்தாலும் வளரும். கேட்டு வாங்கியதால் வளராமல் போன செடியை நாம் பார்த்ததில்லை. கொடுக்கல் வாங்கலில் நாணயம் காப்பவர்கள் நாம். ஒரு முழம் கொடிக்காக அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வெற்றிலை போலத் தோன்றும், வெற்றிலை அல்ல

மளிகைக் கடைக்காரர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டிய விஷயம் இது. மணி பிளாண்ட் இலை இதய வடிவில் வெற்றிலையைப் போலவே இருக்கும். பல கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில்தான் வெற்றிலைக் கட்டும் இருக்கும், மணி பிளாண்ட் பாட்டிலும் இருக்கும். வெற்றிலை மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. மணி பிளாண்ட்டோ சேம்பு, சேனை, கருணை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது.

சேனையும் கருணையும் ஏன் நாக்கை அரிக்கும் என்பது அவற்றை விற்கும் நமக்குத் தெரியும். புளி சேர்த்து நன்றாக வேகவைக்கச் சொல்லித்தான் வாடிக்கையாளரிடம் கொடுக்கிறோம். அந்த அரிப்புக்குக் காரணம் கால்சியம் ஆக்ஸலேட் என்னும் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள். மணி பிளாண்ட்டின் இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் அந்தப் படிகங்கள் இருக்கின்றன. பச்சையாகக் கடித்தால் வாய் எரியும், உதடும் நாக்கும் வீங்கும், எச்சில் வடியும், விழுங்குவது கடினமாகும்.

உயிருக்கு ஆபத்து வருவது அரிதுதான். ஆனாலும் சாமான் வாங்க வரும் தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தை, கைக்கு எட்டியதைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்ளும். அப்படி நேர்ந்தால் வாயில் இருப்பதை எடுத்துவிட்டு, ஈரத் துணியால் துடைத்து, குளிர்ந்த தண்ணீரோ பாலோ சிறிது குடிக்கக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வீக்கம் அதிகமானாலும், மூச்சு விடச் சிரமப்பட்டாலும் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

ஆகவே செடியைக் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வெற்றிலை, கீரை, கறிவேப்பிலை, கொத்தமல்லி வைக்கும் மேசையில் வைக்கவே கூடாது. வெட்டிய இலைகளைக் காய்கறிக் கழிவோடு சேர்த்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடக் கூடாது. பூனை, நாய் வளர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும். கொடியை வெட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பொட்டலம் மடிக்க வேண்டும். அந்தச் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும்.

பாட்டில் தண்ணீரும் டெங்குக் கொசுவும்

இந்தக் கட்டுரையின் முக்கியப் பகுதி இதுதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. தெளிந்து தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு டம்ளர் தண்ணீர்கூட வேண்டாம், ஒரு பாட்டில் மூடியில் தேங்கும் தண்ணீரே போதும். அது பெரும்பாலும் பகலில் கடிக்கும் கொசு. பகல் முழுதும் கடையில் நிற்பவர்கள் யார்? நாமும், நமது பணியாளர்களும், வாடிக்கையாளர்களும்தான்.

2017-ஆம் ஆண்டில் தமிழகத்தில் டெங்கு கடுமையாகப் பரவியதை யாரும் மறந்திருக்க முடியாது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், உயிரிழப்புகளும் ஏற்பட்டன. அந்த ஆண்டில் உள்ளாட்சி அலுவலர்கள் கடைகடையாக ஏறி, டயர், தேங்காய்ச் சிரட்டை, தண்ணீர்த் தொட்டி, பூச்சட்டித் தட்டு என்று சோதித்து, கொசுப்புழு இருந்த இடங்களுக்கு அபராதம் விதித்தனர். இது புதிதாக வந்த அதிகாரம் அல்ல. 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு ஒழிப்புக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் இந்தச் சோதனை நடக்கத்தான் செய்யும். நோயோடு ஒப்பிட்டால் அபராதம் சிறிய விஷயம். டெங்குவுக்கென்று தனியாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கொசுவின் கணக்கு எளிமையானது. நமது ஊர் வெப்பத்தில் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்கச் சுமார் 7 முதல் 10 நாள் ஆகும். அதற்குள் தண்ணீரைக் கொட்டிவிட்டால் அந்தத் தலைமுறை முடிந்தது. வாரம் ஒரு முறை என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். மழைக்காலத்தில் வாரம் 2 முறை மாற்றுவது இன்னும் நல்லது.

இதில் பலர் அறியாத ஒரு நுட்பம் இருக்கிறது. தண்ணீரைக் கொட்டுவது மட்டும் போதாது. ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாட்டிலின் உட்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்தாலும் சாகாது, பல மாதம் தாங்கும். மறுபடி தண்ணீர் ஊற்றி மட்டம் உயர்ந்ததும் பொரிந்துவிடும். ஆகவே பாட்டிலின் உட்புறத்தைப் பிரஷ்ஷாலோ தேங்காய் நாராலோ நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். வேரையும் ஓடும் தண்ணீரில் அலசி, வழவழப்பைக் கையால் நீவிவிட வேண்டும்.

தண்ணீர் குறைந்திருக்கிறதே என்று மேலாக ஊற்றி நிரப்புவதுதான் பெரும்பாலோர் வழக்கம். அது தண்ணீர் மாற்றியதாக ஆகாது. சுவரில் காய்ந்திருக்கும் முட்டைக்கு ஈரம் கொடுத்ததாகவே ஆகும். கொடியைச் சுற்றிப் பாட்டில் வாயைப் பஞ்சாலோ, கொசுவலைத் துண்டாலோ அடைத்து நூலால் கட்டிவிட்டால் கொசு உள்ளே இறங்க வழியிருக்காது. அப்படி அடைத்த பிறகும் வாராந்திரச் சுத்தத்தை விடக் கூடாது.

பாட்டிலா, தொட்டியா?

வாரந்தோறும் கழுவ முடியாதவர்கள், பாட்டிலை விட்டுவிட்டு மண் தொட்டிக்கு மாறுவதே உத்தமம். மண்ணில் தண்ணீர் தேங்கி நிற்காது. செடிக்கும் சத்து கிடைக்கும், கொடி தடிக்கும், இலை பெரிதாகும்.

செம்மண், ஆற்று மணல், நன்கு மக்கிய தொழு உரம் மூன்றும் சம அளவு கலந்தால் போதும். மணலுக்குப் பதில் தென்னை நார்க் கழிவும் சேர்க்கலாம். அதில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து சேர்க்க வேண்டும். தொட்டியின் அடியில் துவாரம் கட்டாயம் இருக்க வேண்டும். துவாரத்துக்குக் கீழே வைக்கும் தட்டில் வடிந்த தண்ணீரை அன்றே கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாட்டிலில் இருந்த கொசு தட்டுக்குக் குடி மாறும்.

புதிதாகக் கொடி வைப்பவர்கள் கணுவைக் கவனியுங்கள். இலைக் காம்பு தண்டோடு சேரும் இடத்தில் பழுப்பு நிறத்தில் சிறு முளை போல ஒன்று தெரியும். அங்கிருந்துதான் வேர் வரும். அந்தக் கணுவுக்கு ஒரு அங்குலம் கீழே, சுத்தமான கத்தியால் வெட்ட வேண்டும். ஒரு துண்டில் 2 அல்லது 3 கணு இருந்தால் போதும். வெறும் இலையையும் காம்பையும் வைத்தால் பச்சையாக நிற்குமே தவிரக் கொடியாகாது. தண்ணீரில் வைத்த துண்டு 2, 3 வாரத்தில் வேர் விடும். விரல் நீளம் வேர் வந்ததும் மண்ணுக்கு மாற்றலாம்.

எந்தத் தண்ணீர், எவ்வளவு?

மண் தொட்டியில் வைத்த செடி கெடுவது பெரும்பாலும் தண்ணீர் குறைவால் அல்ல, தண்ணீர் மிகுதியால்தான். அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு என்பது இங்கே அப்படியே பொருந்தும். விரலை மண்ணில் ஒரு அங்குல ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால், அடியில் வடியும் அளவுக்கு ஊற்றி விடுங்கள். இலை தொங்கித் துவண்டால் தாகம் என்று பொருள். தண்ணீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். கீழ் இலைகள் வரிசையாக மஞ்சளாகித் தண்டின் அடி கறுத்து மெத்தென்று ஆனால் வேர் அழுகல் என்று பொருள். அதற்கு மேல் ஊற்றுவது பாழான சரக்கின் மேல் இன்னும் முதல் போடுவது போலத்தான். மேலே நன்றாக இருக்கும் துண்டை வெட்டிப் புதிதாக வைத்துக்கொள்வதே வழி.

ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் இலை ஓரத்தைக் கருக்கும். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம். அதைத் தரை கழுவப் பயன்படுத்தலாம், செடிக்கு வேண்டாம். மழைத் தண்ணீர் மிக நல்லது. பிளீச்சிங் பவுடர் வாடை வீசும் குழாய்த் தண்ணீரை ஓர் இரவு மூடாத வாளியில் வைத்திருந்து மறுநாள் ஊற்றலாம். ஊற்றியபின் வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

அரிசி கழுவிய தண்ணீர், மிஞ்சிய டீ, சர்க்கரைத் தண்ணீர் என்று பாட்டிலில் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். இவை புளித்து நாற்றமெடுக்கும், வேரை அழுகச் செய்யும், எறும்பையும் ஈயையும் கூப்பிடும். வெல்லமும் சர்க்கரையும் வைத்திருக்கும் கடையில் எறும்புக்கு இன்னொரு அழைப்பு தேவையில்லை.

கடையில் எங்கே வைப்பது?

நேர் வெயில் இலையைக் கருக்கும். ஒரேயடியாக இருட்டும் ஆகாது. கடை முகப்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, வெளிச்சம் படும் இடம் போதுமானது. பல்பு வெளிச்சத்திலும் செடி உயிரோடிருக்கும். ஆனால் கணுக்களுக்கு இடையே நீண்டு, இலை சிறுத்து, மஞ்சள் வரி மறைந்து வெறும் பச்சையாகிவிடும். அது நோயல்ல, வெளிச்சக் குறைவு. கிடங்கை ஒட்டிய இருண்ட கடைகளில் 2 செடி வைத்துக்கொள்வது நல்ல முறை. ஒன்று கடையில் இருக்கும்போது மற்றொன்று வீட்டுத் திண்ணையில் இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டால் இரண்டும் செழிப்பாக இருக்கும்.

மின்தராசு, கணினி, யுபிஎஸ், சுவிட்ச் பலகை ஆகியவற்றுக்கு மேலே செடியைத் தொங்கவிடக் கூடாது. சொட்டும் தண்ணீர் மின்கசிவுக்கு வழி செய்யும். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறச் சூட்டிலும், ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்திலும் வைக்கக் கூடாது. அரிசி மூட்டை, பருப்பு மூட்டை அடுக்கின் மேலும் வைக்க வேண்டாம். சிந்தும் ஈரம் மூட்டையில் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். ஒரு செடிக்காக ஒரு மூட்டைச் சரக்கை இழப்பது என்ன வியாபாரம்?

மளிகைக் கடையில் மாவுத் தூசியும் மிளகாய்த் தூளும் இலையில் படிவது சகஜம். தூசி படிந்த இலை வெளிச்சத்தை வாங்காது. 10 நாளுக்கு ஒரு முறை ஈரத் துணியால் இலையைத் துடைத்தால் பளபளப்பாக இருக்கும். எண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவது தவறு. அதில் தூசி இன்னும் ஒட்டும்.

கொடியை மேலே ஏற்றினால் இலை பெரிதாகும், கீழே தொங்கவிட்டால் இலை சிறிதாகும். மிக நீண்டு வெறும் தண்டாகத் தொங்கும் கொடியை வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழேயுள்ள கணுவிலிருந்து புதுத் தளிர் வரும். வெட்டிய துண்டுகளை வாய்க்கால் ஓரத்திலோ காலி மனையிலோ எறிய வேண்டாம். ஹவாய், ஃபுளோரிடா போன்ற இடங்களில் இப்படி வெளியே போன செடி மரங்களை மூடிப் படர்ந்து பெருந்தொல்லையாகியிருக்கிறது.

பூச்சி வந்தால்

வெள்ளைப் பஞ்சு போல இலைக்காம்பில் ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. நாம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உரிமமோ பதிவோ பெற்று உணவுப் பொருள் விற்பவர்கள். கடைக்குள் பூச்சிமருந்து தெளிப்பதை நினைத்தும் பார்க்கக் கூடாது. செடியைக் கடைக்கு வெளியே கொண்டுபோய், ஈரத் துணியால் பூச்சியைத் துடைத்தெடுத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து தெளித்து, உலர்ந்த பிறகு உள்ளே கொண்டுவர வேண்டும். வாரம் ஒரு முறையாக இரண்டு மூன்று தடவை செய்தால் போதும். அடங்காவிட்டால் செடியையே அகற்றிவிட்டு வேறொன்று வைத்துக்கொள்ளலாம்.

காற்றைச் சுத்தம் செய்யுமா?

இப்போது நர்சரிகளில் மணி பிளாண்ட் காற்றிலுள்ள நச்சை உறிஞ்சும் என்று சொல்லி விற்கிறார்கள். இதற்கு மூலம், அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1989-இல் வெளியிட்ட ஆய்வு. மூடி அடைத்த சிறு அறைக்குள் செடியை வைத்து நடத்திய சோதனை அது. நமது கடை அப்படிப்பட்ட அறை அல்ல. பிற்காலத்தில் வந்த இத்தகைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்த அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2019-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். சாதாரணமாகக் கட்டடத்துக்குள் வந்துபோகும் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டுமாம். அப்புறம் சரக்கு வைக்க இடம் ஏது?

ஆகவே மிளகாய் நெடிக்கும் மூட்டைத் தூசிக்கும் ஜன்னலைத் திறப்பதும், காற்றை வெளியேற்றும் விசிறி வைப்பதும்தான் வழி. மணி பிளாண்ட் கண்ணுக்குக் குளிர்ச்சி. கடைக்கு ஒரு களை. அந்த அளவில் அது கொடுக்கும் லாபமே போதும்.

வாராந்திர வேலை

1. வாரத்தில் கடை கழுவும் நாளையே செடிக்கும் உரிய நாளாக வைத்துக்கொள்ளுங்கள். தனி நாள் வைத்தால் மறந்துவிடும்.

2. பாட்டில் தண்ணீரை மண் தரையிலோ செடிகளுக்கோ கொட்டி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, வேரை அலசிப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். வேர் மட்டும் நனைந்தால் போதும். இலை தண்ணீரில் மூழ்கினால் அழுகும்.

3. பாட்டில் வாயைப் பஞ்சு அல்லது கொசுவலையால் அடையுங்கள். நிறமுள்ள பாட்டிலானால் பாசி குறைவாகப் பிடிக்கும்.

4. மண் தொட்டியானால் விரல் விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். தட்டை வடித்துத் துடைத்து வையுங்கள்.

5. பழுத்த இலையை அகற்றுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

6. பண்டிகைக்காக ஒரு வாரத்துக்கு மேல் கடை அடைக்க நேர்ந்தால் பாட்டில் செடியை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், அல்லது மண்ணுக்கு மாற்றிவிட்டுப் போங்கள். பூட்டிய கடைக்குள் தண்ணீர் நின்றால், திறக்கும் நாளில் முதல் வாடிக்கையாளராகக் கொசுதான் வரவேற்கும்.

இத்தனையும் சேர்த்து வாரத்துக்குப் பத்து நிமிட வேலைதான். அதை யார் செய்வது என்று ஒருவர் பெயரைச் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்ட வேலையை யாரும் பார்ப்பதில்லை என்பது வணிகர்களாகிய நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழைக்காலம் தொடங்குமுன் அவரவர் கடையில் இருக்கும் பாட்டிலை ஒரு முறை வெளிச்சத்துக்கு எடுத்துச் சென்று பாருங்கள். உள்ளே நெளிவது ஏதாவது தெரிந்தால், சோதனைக்கு அலுவலர் வரும்வரை காத்திருக்காமல் அப்போதே கழுவிவிடுங்கள். பக்கத்துக் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் கடையில் பிறக்கும் கொசு நமது கடைக்கு வர அதிக நேரம் பிடிக்காது.